முதுகெலும்புல சிமெண்ட் வச்சதுக்கு அப்புறம் அம்மாவுக்கு நுரையீரல்ல அடைப்பு, ரத்தக்கட்டியா சிமெண்டா? மாத்திரைய நிறுத்தலாமா?

மஞ்சக்குப்பம்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம், நாங்க கடலூர் மஞ்சக்குப்பம். அம்மாவுக்கு 72 வயசு, சுகர் பிரஷர் ரெண்டும் இருக்கு. பொங்கலுக்கு முன்னாடி பாத்ரூம்ல வழுக்கி உக்காந்த வாக்குல விழுந்துட்டாங்க, அன்னைக்கு எழுந்து நடந்துட்டாங்க, ஆனா அடுத்த நாள்ல இருந்து கட்டில்ல திரும்பிப் படுக்க முடியல, இருமினா கூட உயிர் போற வலி. எம்ஆர்ஐ எடுத்ததுல டி12, எல்1 ரெண்டு எலும்பு நசுங்கி இருக்கு, எலும்பு தேய்மானம் ரொம்ப அதிகம்னு சொன்னாங்க. வலி மாத்திரை, பெல்ட்டு எல்லாம் போட்டும் கேக்காததால பாண்டியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஊசி மூலமா சிமெண்ட் வைக்கிற ட்ரீட்மெண்ட், வெர்டிப்ரோபிளாஸ்டினு பேரு, அதைப் பண்ணாங்க.

முதுகு வலி நிஜமாவே நல்லா குறைஞ்சிடுச்சு, அதை நான் சொல்லியே ஆகணும். ஆனா மறுநாள் காலையில மூச்சு வாங்குது நெஞ்சை அடைக்குதுனு சொன்னாங்க, விரல்ல மாட்டிப் பாத்தா ஆக்சிஜன் 89. உடனே சிடி ஸ்கேன் எடுத்து ஐசியூல வச்சுட்டாங்க. வயித்துல போடுற ஊசி போட்டாங்க, அப்புறம் ரத்தம் உறையாம இருக்கறதுக்கு அசிட்ரோம்னு ஒரு மாத்திரை ஆரம்பிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப ஆக்சிஜன் 96, 97 இருக்கு, வீட்டுக்குள்ள நடக்கறாங்க, மாடிப்படி ஏறினா மட்டும் கொஞ்சம் வாங்குது.

என் குழப்பம் என்னன்னா டிஸ்சார்ஜ் சம்மரியில பல்மனரி எம்பாலிசம்னு, அதாவது நுரையீரல் ரத்தக்குழாய்ல அடைப்புனு மட்டும்தான் போட்டிருக்கு. ஒரு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்ப ரத்தம் உறைஞ்சு போய் அடைச்சிருக்குனு சொன்னாரு, ராத்திரி ட்யூட்டி சின்ன டாக்டர் சிமெண்ட் கொஞ்சம் லங்ஸுக்குப் போயிருக்கும்மானு சொன்னாங்க. அண்ணன் என்னடான்னா மாத்திரை போட்டா மூணு மாசத்துல எல்லாம் கரைஞ்சிடும்னு சொல்றான், பக்கத்து வீட்டு அத்தை வயசான உடம்புக்கு இந்த மாத்திரை ஆகாது தலைக்குள்ள ரத்தம் கசியும் நிறுத்திடுனு தினமும் வந்து சொல்றாங்க. அம்மாவும் ஈறுல ரத்தம் வந்ததைப் பாத்து பயந்து போய் மாத்திரை வேண்டாங்கறாங்க. சிமெண்ட்டா இருந்தா அது கரையுமா? கரையாதுன்னா இந்த மாத்திரை எதுக்கு? தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

முதுநகர்_ரேடியோகிராஃபர்:

ம்மா, நான் எக்ஸ்ரே சிடி டிபார்ட்மெண்ட்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், டாக்டர் இல்ல, அதனால மாத்திரை பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா ரத்தக்கட்டியா சிமெண்டாங்கற உன் கேள்விக்கு பதில் பெரும்பாலும் உன் கையில இருக்கற சிடி ஃபிலிம்லயே இருக்கும், அதை மட்டும் சொல்றேன்.

நுரையீரல் ரத்தக்குழாய் பாக்கற சிடியில கையில மருந்து ஏத்தி எடுப்பாங்க, அந்த மருந்து ரத்தத்தை வெள்ளையாக் காட்டும், ரத்தக்கட்டி இருக்கற இடத்துல மருந்து போகாததால அங்க மட்டும் கருப்பா ஓட்டை விழுந்தாப்புல தெரியும். சிமெண்ட் அப்படி இல்ல, அதுவே பளீர்னு வெள்ளை, ஏன்னா சிமெண்ட் வைக்கும்போதே பாக்கற சி ஆர்ம்ங்கற எக்ஸ்ரே மெஷின்ல கண்ணுக்குத் தெரியணும்னே அதுல பேரியம் சல்ஃபேட் கலந்திருப்பாங்க. இப்ப வெள்ளை மருந்துக்கு நடுவுல வெள்ளை சிமெண்ட் இருந்தா அவசரத்துல பாக்கறவங்களுக்கு தப்பிப் போக வாய்ப்பு இருக்கு. அதனால மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருந்தா அதையும், எலும்பு பாக்கற விண்டோவையும் (அதே படத்தை எலும்பு தெளிவாத் தெரியற மாதிரி மாத்திக் காட்டறது) வச்சுப் பாக்கணும், அதுல சிமெண்ட் கிளை கிளையா, இல்லன்னா சின்னக் குச்சி மாதிரி தனியாத் தெரியும். பல சமயம் சாதா நெஞ்சு எக்ஸ்ரேலயே தெரிஞ்சிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. நம்ம ஊர்ல எப்பவோ டிபி வந்து ஆறினவங்க நிறைய, அவங்க நுரையீரல்லயும் சுண்ணாம்பு படிஞ்சு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டருக்காக எடுத்த பழைய நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம் இருக்கும், அதைத் தேடி எடு. பழைய படத்துல இல்லாத வெள்ளை புதுப் படத்துல இருந்தா விஷயம் தெளிவாயிடும். சிடிக்கு ஃபிலிம் மட்டும் வாங்கிட்டு விட்டுடாதம்மா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கற சிடி தட்டு கேட்டு வாங்கு, ஃபிலிம்ல அவங்க தேர்ந்தெடுத்த படம்தான் இருக்கும், தட்டுல எல்லாப் படமும் இருக்கும். சிமெண்ட் வச்சப்ப சி ஆர்ம்ல சேவ் பண்ண படம் இருக்கானும் கேளு, குடுத்தா நல்லது. முதுகெலும்பு பக்கத்துல சிரைக்குள்ள சிமெண்ட் கோடு போட்டாப்புல போயிருக்கானு அதுலயே பாக்கலாம்.

நுரையீரல்_டாக்டர்_பாண்டி:

சகோதரி, ரேடியோகிராஃபர் ஐயா சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் நெஞ்சக நோய் பிரிவுல வேலை பாக்கறேன், உங்க அம்மா ஸ்கேன நான் பாக்கல, அதனால பொதுவா என்ன நடக்கும்னு சொல்றேன், முடிவு அவங்களைப் பாக்கற டாக்டரோடது.

முதல்ல மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. இதை மேலயே சொல்லிடறேன், மத்தது எல்லாம் படிக்காம விட்டாலும் பரவால்ல.

இப்ப விளக்கம். இந்த சிமெண்ட்ங்கறது வீடு கட்டற சிமெண்ட் இல்ல, பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்னு ஒரு பிளாஸ்டிக். பவுடர் ஒண்ணு, திரவம் ஒண்ணு, கலந்த உடனே தண்ணியா இருக்கும், கொஞ்ச நேரத்துல பதத்துக்கு வரும், அப்புறம் சூடாகி கல்லா இறுகிடும். அதிரசத்துக்கு பாகு காய்ச்சற மாதிரி தான், முந்தினா ஓடிடும் பிந்தினா ஊசியிலயே இறுகிடும், அந்த சரியான பதத்துல தான் எலும்புக்குள்ள தள்ளணும். முதுகெலும்பு உள்ள ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா நிறைய சிரைகளோட இருக்கும். அந்த சிரைகளுக்கு வால்வு கிடையாது. சிமெண்ட் ரொம்ப தண்ணியா இருக்கும்போதோ அதிக அழுத்தத்துலயோ போனா எலும்புல இருந்து வெளி சிரைக்கு கசிஞ்சு, அங்க இருந்து அசைகஸ் சிரை இல்லன்னா கீழ் பெருஞ்சிரை வழியா இதயத்தோட வலது பக்கம், அங்க இருந்து நேரா நுரையீரல் தமனிக்குள்ள போயிடும். ஒரே நேரத்துல நிறைய எலும்புல வச்சா, கேன்சர் அரிச்ச எலும்புல வச்சா இந்த வாய்ப்பு கூடும்.

இது எவ்வளவு பேருக்கு நடக்குதுங்கறதுல ஆய்வுக்கு ஆய்வு பெரிய வித்தியாசம் இருக்கு, 3.5 சதவீதத்துல இருந்து 23 சதவீதம் வரைக்கும் எழுதியிருக்காங்க. காரணம் சிம்பிள், எல்லாருக்கும் சிடி எடுத்துத் தேடினா நிறைய கிடைக்கும், மூச்சு வாங்கறவங்களுக்கு மட்டும் எடுத்தா கம்மியா தெரியும். பெரும்பாலானவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுக்கும்போது தான் தெரிய வரும். உங்க அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆக்சிஜன் குறைஞ்சிருக்கு, அதனால அவங்க அந்த கும்பல்ல இல்ல.

உங்க நேரடிக் கேள்வி, சிமெண்ட் கரையுமா? கரையாது. அசிட்ரோமோ வார்ஃபரினோ ஹெப்பாரின் ஊசியோ எதுவும் அதைக் கரைக்காது, ஹார்ட் அட்டாக்குக்கு போடற கட்டி கரைக்கற ஊசி கூட இதுல வேலை செய்யாது. அப்ப மாத்திரை எதுக்குன்னா, ரத்தக்குழாய்க்குள்ள அந்நியப் பொருள் ஒண்ணு உக்காந்திருந்தா அது மேல ரத்தம் வந்து வந்து உறையும், சின்னதா இருந்த அடைப்பு பெருசாகும். அந்த சிமெண்ட் மேல ரத்தக்குழாயோட உள் தோல் மெல்ல வளர்ந்து மூடற வரைக்கும் ரத்தம் அது மேல உறையாம பாத்துக்கறதுக்கு தான் மாத்திரை. அதனால தான் தொந்தரவு இருக்கறவங்களுக்கு, இல்லன்னா பெரிய குழாய்ல நடு இடத்துல அடைப்பு இருக்கறவங்களுக்கு வழக்கமா 6 மாசம் குடுப்பாங்க. ஓரத்துல சின்னதா, தொந்தரவே இல்லாம இருந்தா ஒண்ணும் குடுக்காம பாத்துக்கிட்டே வரதும் உண்டு.

அதே நேரத்துல அந்த பெரிய டாக்டர் சொன்னதும் தப்புனு சொல்ல மாட்டேன். வலியில கட்டிலோட கிடந்தவங்களுக்கு கால் சிரையில ரத்தம் உறைஞ்சு அது கழண்டு நுரையீரலுக்கு வரதும் சகஜம் தான், 72 வயசுல இடுப்பு அசைக்க முடியாம கிடந்திருக்காங்க இல்ல. ரெண்டும் சேர்ந்தே கூட இருக்கலாம். அதனால கால் சிரைக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தாங்களானு பாருங்க. இதயத்துக்கு எக்கோ எடுத்தாங்களானு பாருங்க, அது ரொம்ப முக்கியம், வலது பக்கம் அழுத்தம் ஏறியிருக்கா, இதய அறைக்குள்ள சிமெண்ட் துண்டு எதுவும் தங்கியிருக்கானு அதுல தெரியும். அபூர்வமா அப்படி தங்கினது இதயச் சுவத்தையே குத்திடும், அதுக்கு ஆபரேஷன் வேண்டி வரும், அதனால தான் சொல்றேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில வெறும் பல்மனரி எம்பாலிசம்னு போட்டிருந்தா அதை சிமெண்டா, ரத்தக்கட்டியா, ரெண்டுமானு தெளிவா எழுதித் தரச் சொல்லி கேளுங்க. கேக்கறது உங்க உரிமை. நாளைக்கு வேற ஊர்ல அவசரத்துல சேத்தா அங்க இருக்கற டாக்டருக்கு அந்த ஒரு வரி இல்லாம ஒண்ணும் புரியாது.

வில்லியனூர்_மருமக:

அக்கா உங்க பதிவு படிச்சதும் மனசு கனத்துப் போச்சு, எங்க மாமனாருக்கும் இதே சிமெண்ட் தான் லங்ஸுக்குப் போச்சு, அசிட்ரோம் முழுசா போட்டு முடிச்சு இப்ப நல்லா இருக்காரு, தோட்டத்துக்கு தண்ணி ஊத்தறாரு. வீட்டுல பாத்துக்கிட்டவங்கற முறையில சொல்றேன், இந்த மாத்திரையில பயப்பட வேண்டியது மாத்திரையை இல்ல, டெஸ்ட் எடுக்காம போடறதைத் தான்.

ஐஎன்ஆர்னு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுனு பாக்கற ஒரு ரத்த டெஸ்ட், அது 2ல இருந்து 3க்குள்ள நிக்கணும்னு எங்களுக்கு சொன்னாங்க. 2க்கு கீழ இருந்தா மாத்திரை போட்டும் பிரயோஜனம் இல்ல, 3க்கு மேல ரொம்ப ஏறினா ரத்தம் கசியற பயம். உங்க அம்மாவுக்கு ஈறுல ரத்தம் வந்துச்சுன்னா அதுக்கு பதில் மாத்திரைய நிறுத்தறது இல்லக்கா, அன்னைக்கே போய் ஐஎன்ஆர் எடுக்கறது தான். ஒரு நோட்டு போட்டு தேதி, அளவு, எத்தனை மில்லிகிராம் மாத்திரைனு எழுதுங்க, ஒவ்வொரு தடவையும் டாக்டர் அந்த நோட்டைத் தான் முதல்ல கேப்பாரு. தினமும் ஒரே நேரத்துல குடுங்க, நாங்க சாயங்காலம் விளக்கேத்தற நேரத்துக்கு வச்சுக்கிட்டோம், மறக்கவே மறக்காது.

சாப்பாட்டுல கீரையை அடியோட நிறுத்தச் சொல்லி சொந்தக்காரங்க சொல்வாங்க, அது தேவையில்லனு எங்க டாக்டர் சொன்னாரு. முருங்கைக்கீரையில வைட்டமின் கே நிறைய, ஒரு வாரம் தினமும் குடுத்துட்டு அடுத்த வாரம் தொடவே இல்லன்னா அளவு ஏறி இறங்கிடும். எப்பவும் ஒரே அளவா குடுத்தா போதும். முக்கியமா ஒண்ணு, முதுகு வலிக்குதுனு மெடிக்கல்ல போய் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிக் குடுத்துடாதீங்க, தைலத்தையும் முதுகு பூரா அப்பி தினமும் தேய்க்காதீங்க, அந்த காரமான தைலங்கள்ல இருக்கற மெத்தில் சாலிசிலேட் தோல் வழியா உள்ள போய் ஐஎன்ஆரை ஏத்தும். எங்க வீட்டுல இதைக் கேட்டப்ப யாரும் நம்பல, டாக்டரே சொன்னதுக்கு அப்புறம் தான் மாமனார் பாட்டிலை விட்டாரு. காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் குடுத்தா கூட அசிட்ரோம் போடறாங்கனு முதல்ல சொல்லிடுங்க, பல் புடுங்கறதுக்கும் அப்படித் தான்.

கருப்பா மலம் போனாலோ, தலையில அடி பட்டாலோ, அடி சின்னதா இருந்தாலும் சரி, விடிய விடிய பாத்துக்கிட்டு இருக்காதீங்க, 108க்கு போன் போடுங்க.

மஞ்சக்குப்பம்_பொண்ணு:

எல்லாருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் பத்தாது. நேத்து அண்ணனை அனுப்பி சிடி தட்டு வாங்கிட்டு வந்தோம், குடுக்க கொஞ்சம் இழுத்தாங்க, எழுதிக் கேட்டதும் குடுத்துட்டாங்க. அதைத் தூக்கிட்டு ஜிப்மர் போனோம், காலையில முதல் பஸ்ல கோரிமேடு போய் ஓபி சீட்டு போட்டு காத்திருந்து பாத்தோம். அங்க இருந்த டாக்டர் படத்தை எலும்பு விண்டோல மாத்தி எனக்கே காட்டினாரு, வலது பக்க நுரையீரல்ல ரெண்டு குழாய்ல வெள்ளையா கிளை கிளையா தெரியுது, பழைய எக்ஸ்ரேல அது இல்லவே இல்ல. சிமெண்ட் தான், கூட ரத்தக்கட்டி எதுவும் இல்லனு சொல்லிட்டாரு. கால் டாப்ளர் நார்மல், எக்கோல இதயத்துக்குள்ள ஒண்ணும் இல்ல, அழுத்தம் லேசா ஏறியிருந்தது இப்ப இறங்கிடுச்சாம். ஐஎன்ஆர் 3.8 இருந்துச்சு, அதனால தான் ஈறுல ரத்தம், அளவைக் குறைச்சுட்டாங்க. 6 மாசம் போடணும், அப்புறம் எக்கோ பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு சொன்னாங்க. அத்தைக்கும் அண்ணனுக்கும் உக்கார வச்சு சொல்லிட்டேன்.

இப்ப இன்னொரு கேள்வி, பெரியம்மாவுக்கும் (அம்மாவோட அக்கா, நெல்லிக்குப்பத்துல இருக்காங்க) இப்ப முதுகெலும்பு நசுங்கி இருக்கு. சிமெண்ட் வைக்கச் சொல்றாங்க. வைக்கலாமா வேண்டாமா? அம்மாவுக்கு வலி போனதை கண்ணால பாத்திருக்கோம், வந்த வினையையும் பாத்திருக்கோம்.

நுரையீரல்_டாக்டர்_பாண்டி:

ரிப்போர்ட் கேட்டதும் நிம்மதியா இருக்கு, எக்கோல அழுத்தம் இறங்கினது ரொம்ப நல்ல செய்தி. மாடிப்படியில வாங்கற மூச்சு பெரும்பாலும் படுத்தே இருந்த பலவீனம், தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடை கூட்டுங்க.

பெரியம்மா விஷயம் எலும்பு டாக்டரோட முடிவு, ஆனா என்ன கேக்கணும்னு சொல்றேன். இந்த சிகிச்சை 1984ல பிரான்ஸ்ல அமியான் நகரத்துல கலிபேர், டெராமாங்னு ரெண்டு டாக்டர்கள் ஆரம்பிச்சது, முதல்ல கழுத்து எலும்புல கட்டி இருந்த ஒரு பெண்ணுக்கு பண்ணாங்க, எலும்பு தேய்மானத்துக்கு பின்னாடி தான் பரவுச்சு. 2009ல நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னல்ல ரெண்டு ஆய்வு வந்து உலகமே திரும்பிப் பாத்துச்சு. பாதி பேருக்கு நிஜமா சிமெண்ட், பாதி பேருக்கு வெறும் நடிப்பு. மரத்துப் போற ஊசி போட்டு, நோயாளிக்கு வித்தியாசம் தெரியக் கூடாதுனு சிமெண்ட் வாசனை அறைக்குள்ள வர்ற மாதிரி அந்த கலவையை கூட திறந்து வச்சாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் வலி ஏறக்குறைய ஒரே மாதிரி தான் குறைஞ்சுது. அப்புறம் 2016ல ஆஸ்திரேலியாவுல வந்த வாப்பர் ஆய்வுல எலும்பு நசுங்கி 6 வாரத்துக்குள்ள, வலி தாங்க முடியாம இருந்தவங்களுக்கு பலன் இருக்குனு காட்டினாங்க. 2018ல கோக்ரேன் குழு எல்லாத்தையும் சேத்துப் பாத்து எல்லாருக்கும் வழக்கமா பண்றதுக்கு ஆதாரம் இல்லனு எழுதிச்சு. இன்னும் சண்டை ஓயல.

என் கருத்து, பெரியம்மாவுக்கு வலி எப்படி இருக்கு, எத்தனை வாரம் ஆச்சுனு பாருங்க. நிறைய பேருக்கு 6 முதல் 12 வாரத்துல தானா எலும்பு கூடி வலி அடங்கிடும். எழுந்து உக்காரவே முடியாம, மருந்துக்கும் கேக்காம இருந்தா பண்றதுல தப்பே இல்ல. பண்றதா இருந்தா எத்தனை எலும்புல வைக்கப் போறீங்க, சிமெண்ட் கெட்டிப் பதம் வந்ததும் தான் செலுத்துவீங்களா, சி ஆர்ம்ல விடாம பாத்துக்கிட்டே செலுத்துவீங்களா, சிரைக்குள்ள போறது தெரிஞ்சா நிறுத்திடுவீங்களா, முடிச்சதும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பீங்களா, இந்த அஞ்சும் கேளுங்க. நல்ல டாக்டர் இதைக் கேட்டா கோச்சுக்க மாட்டாரு.

வில்லியனூர்_மருமக:

அக்கா இதையும் சேத்துக்கோங்க, ரெண்டு பேருக்கும் எலும்பு தேய்மானத்துக்கு தனியா மருந்து ஆரம்பிச்சாங்களா? எங்க மாமனாருக்கு சிமெண்ட் வச்சதோட விட்டுட்டாங்க, அடுத்த எலும்பு நசுங்கினதுக்கு அப்புறம் தான் எலும்பு அடர்த்தி பாக்கற டெக்ஸா ஸ்கேன் எடுத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஏத்தற ஜோலெட்ரோனிக் ஆசிட் போட்டாங்க.

மஞ்சக்குப்பம்_பொண்ணு:

யாருமே சொல்லல தங்கச்சி. கால்சியம் மாத்திரை மட்டும் தான் எழுதியிருக்கு.

நுரையீரல்_டாக்டர்_பாண்டி:

அப்ப அடுத்த தடவை ஐஎன்ஆர் பாக்கப் போகும்போதே வைட்டமின் டி, கிட்னிக்கு கிரியாட்டினின் ரெண்டும் சேத்து எடுத்துடுங்க, அந்த ரிசல்ட் இல்லாம ஜோலெட்ரோனிக் ஏத்த மாட்டாங்க, உங்க அம்மாவுக்கு சுகர் வேற இருக்கு. பெரியம்மாவுக்கும் இதையே எடுங்க. பல்லுல சொத்தை இருந்தா அதை முதல்ல முடிச்சுடுங்க, ஊசி ஏத்தினதுக்கு அப்புறம் பல் புடுங்கினா தாடை எலும்பு ஆறாம போற ஆபத்து இருக்கு, அம்மாவுக்கு புடுங்கணும்னா அசிட்ரோம் போடறதை பல் டாக்டர்கிட்ட சொல்லிட்டு தான் நாற்காலியில உக்காரணும்.